நடுவெட்டு

ஹேர்பின் ஆறு, ஒரு சாவிக்கொத்து,
விரலை விட்டு வர மறுத்த மோதிரத்துக்குச் சோப்புத் தண்ணீர்.
எல்லாவற்றையும் பிளாஸ்டிக் தட்டில் போட்டுவிட்டுக்
காந்தத்துக்குள் தலை கொடுத்தார் விர்வே லெபசார்.
தார்த்து நகரத் தபால் பிரிப்பகத்தில்
இருபத்தாறு வருட இரவுப்பணி.
வேலைக்குப் போகும் வழியில் வந்திருந்தார்.

ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் எண் பதினேழு.
நோயாளிகளை அளக்க எங்களுக்கு ஒரு முழக்கோல் வேண்டும்;
முழக்கோலுக்கு இருபது யூரோ பரிசுக்கூப்பன்.

ஹீலியம் பம்பு குருவி போலக் கீச்சிட்டது.
வெளியே மைனஸ் பதினெட்டு.
திரையில் பக்கவெட்டு இறங்கியது,
பிறகு நடுவெட்டு.
நான் காபியைக் கீழே வைத்தேன்.

இரு பாதிகளுக்கும் இடையே
வெள்ளை வில்லாக வளைந்திருக்க வேண்டிய
இருபது கோடி இழைகளின் பாலம்
அங்கே இல்லை.
அறுந்த தடம் இல்லை, வடு இல்லை.
கட்டப்படவே இல்லை.

சோபாவில் தூங்கிய ஐனாரை எழுப்பினேன்.
"கருவியைச் சரிபார்" என்றார், கண்ணாடியைத் தேடியபடி.
பார்த்தேன். கருவிக்கு ஒன்றுமில்லை.

திரையின் இடது ஓரம் ஒரு முக்கோணம் தெரியும்;
வலக்கையால் பொத்தானை அழுத்த வேண்டும்.
பாலம் இல்லாதவர் திணற வேண்டும், எங்கள் கணக்குப்படி.
அழுத்தினார்.
பாதி இமைப்பொழுது தாமதம், அவ்வளவுதான்.

எந்த வழியாகப் போனது அந்தச் சேதி?
எமயோகி உறைந்துவிட்டால் மாணவர்கள்
பாலத்துக்குச் சுற்றாமல் பனிமேல் நடந்தே அக்கரை போவார்கள்.
அப்படியா?
தெரியாது.
திரையில் எரியும் சிவப்பும் மஞ்சளும் நாங்கள் பூசியவை.
மூளைக்குள் விளக்கு கிடையாது,
கூடுதலாக ஒரு மிடறு ரத்தம் போன இடம்,
அதுவும் ஐந்தாறு நொடி பிந்தி வரும் வதந்தி.

ஒப்புதல் படிவம், மூன்றாம் பக்கம்:
எதிர்பாராதது ஏதும் தெரிந்தால் உங்களுக்குச் சொல்லலாமா?
வேண்டாம் என்ற கட்டத்தில்
நீல மையில், அடுத்த தாளிலும் பதியும்படி, ஒரு குறி.

வெளியே வந்தார்.
"படம் நல்லா வந்துதா?"
"துளிகூட அசையவில்லை நீங்கள்" என்றேன்.
பொய் இல்லை.
கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக
இரு கைகளாலும் ஒரே ஓட்டத்தில் போட்டார்,
சன்னலுக்கு வெளியே பேருந்தைப் பார்த்துக்கொண்டே.
நான் எண்ணினேன். ஒன்பது.

வியாழக்கிழமை என் தபால்பெட்டியில் மின்கட்டண ரசீது.
பதினாலும் நாற்பத்தொன்றும்
எங்கள் தெருவில் எல்லாருமே குழப்பும் எண்கள்.
சரியாக வந்திருந்தது.