மஞ்சள் இடது, பச்சை வலது

பம்பரைக் கழற்ற ஒன்பது திருகுகள் என்று
தாளில் போட்டிருந்தது.
எட்டுதான் அகப்பட்டன.
ஒன்பதாவது, சக்கர வளைவுக்குள்
போன குளிர்காலத்துச் சாலையுப்பில் ஊறித்
துருவோடு துருவாய் ஒட்டிக் கிடந்தது.
அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம்.

ஹார்லிங்கனில் அன்றைக்குக் காற்று
கடலணையைத் தாண்டி வந்தது.
அணை மேல் ஆடுகள்
எல்லாம் ஒரே பக்கம் முதுகைக் காட்டி நின்றன.
புல்லில் கவிழ்த்த பம்பர் பறந்துவிடாதிருக்க
ஜாக்கியைத் தூக்கி மேலே வைத்தேன்.

பல்செட் கழற்றிய முகம் போலிருந்தது கார்.
டவ்வே அதைப் பார்த்துச் சிரித்தான்.
மூளையில் இரத்தம் கட்டிய பிறகு
சிரிப்பு மட்டும் பழுதில்லாமல் திரும்பியிருந்தது.
சொற்கள் அப்படியில்லை.
சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்
"செவ்வாய்க்கிழமை" என்பான்.
நான் உப்பை நகர்த்தி வைப்பேன்.

இழுவைச் சட்டம் இருபத்திரண்டு கிலோ.
மல்லாந்து படுத்து
வயிற்றிலும் முழங்காலிலும் தாங்கிக்கொண்டு
முதல் போல்ட்டை விரலால் ஏற்றினேன்.
எழுபத்தைந்தைத் தொட்டதும்
முறுக்குக்கோல் டக் என்றது.
ஆறு போல்ட், ஆறு டக்.
இவ்வளவு தீர்மானமாக
இந்த வீட்டில் ஒரு சொல் கேட்டு
எட்டு மாதம் ஆகிறது.

மின்சாரம் மறுநாள்.
டிக்கித் தரையின் ரப்பர் அடைப்பைக் குத்தி
கம்பிக்கற்றையை உள்ளே இழுத்தேன்.
மஞ்சள் இடது, பச்சை வலது,
சிவப்பு பிரேக், வெள்ளை எர்த்.
பதின்மூன்று முனை, பதின்மூன்று குட்டித் திருகு.
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டதால்
திட்டவும் முடியவில்லை.

ஃபிரௌக்யே தந்த பழைய கேரவனை மாட்டினோம்.
சோதித்துப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்.
"நான்" என்றான் டவ்வே, அது சரியாகவே வந்தது.
அவன் ஸ்டியரிங்கில்.
நான் கேரவனுக்குப் பின்னால்,
அங்கிருந்து காரே தெரியாது.

"வலது!" என்று கத்தினான்.
இடது பக்கம் மினுங்கியது.

நான்தான் மாற்றிவிட்டேன் போல.
சாக்கெட்டைப் பிரித்தேன். கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.
மஞ்சள் ஒன்றில், பச்சை நான்கில்.
தாளில் உள்ளபடிதான்.
தாள் தப்பாயிருக்கும் என்று
இரண்டையும் இடம் மாற்றி முடுக்கினேன்.

"வலது!"
வலது மினுங்கியது.
எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்,
அவ்வளவு பெருமை.

"பாலம்!" என்று கத்தினான்.
சிவப்பு எரிந்தது.

பாலமா?
இருபத்தாறு வருடம்
கால்வாய்ப் பாலத்தை ஏற்றி இறக்கியவன்.
படகுகளுக்குச் சிவப்பு காட்டியவன்.

முன்னால் நடந்து போனேன்.
"வலது" என்றது வாய்.
கை, கம்பை இடப்பக்கத்துக்குத்தான் இறக்கியிருந்தது.
டாஷ்போர்டில் பச்சை அம்பு
இடது, இடது, இடது என்று அடித்துக்கொண்டிருந்தது.

கம்பிகளில் குற்றமில்லை.
அவன் வாய்க்குத் தக்கபடி
நான்தான் காரைத் திருத்தியிருந்தேன்.
இப்படியே கிளம்பியிருந்தால்
முதல் ரவுண்டானாவில்
பின்னால் வருகிறவன் எங்களை நம்பியிருப்பான்.

மறுபடி பிரித்தேன். மஞ்சளை ஒன்றுக்கு,
பச்சையை நான்குக்கு.
அதற்குள் அவன் கண்ணாடியை இறக்கி
ஹார்னை ஒருமுறை அழுத்தி
இடக்கையைத் தூக்கிக் காட்டினான்.
இரண்டு முறை, வலக்கை.
மூன்று முறை அழுத்திவிட்டு
காலால் தரையைத் தட்டினான்.
பாலக்காரன் மூளை, அது பாட்டுக்கு
ஒரு வழி கண்டுபிடித்திருந்தது.

ஒன்று: இடது எரிந்தது.
இரண்டு: வலது.
மூன்று: சிவப்பு, இரு பக்கமும்.
எனக்கே காது அடைத்தது.
ஆடுகள் கூடத் திரும்பிப் பார்த்தன.

ஃபிரௌக்யே ஜன்னலைத் திறந்தாள்.
"ஊருக்கே கேட்கிறது!
எப்போதுதான் கிளம்புகிறீர்கள்?"

"உப்பு" என்றான் டவ்வே.

"செவ்வாய்க்கிழமை" என்றேன் நான்.