கொஞ்சம் சிவப்பு

ஐந்து பழசு, ஒன்று புதுசு.
ஆறும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போலத் தெரிய வேண்டும்
என்றாள் எப்சிபா டீச்சர்,
ராயபுரத்திலிருந்து மீன்பாடி வண்டியில்
நாற்காலிகளோடு தானும் ஏறி வந்து.
ஆறாவது உடைந்த கதையை
அவள் மச்சினர் காதில் போட்டுவிடக் கூடாதாம்.
உடைத்தவர் அவர்தான்.

எந்தப் பழசின் நிறத்துக்கு என்று கேட்டேன்.
"என்ன கேள்வி இது? எல்லாம் ஒரே கலர்தானே."

கொட்டகைக்கு வெளியே
தண்டையார்பேட்டையின் பதினோரு மணி வெயிலில்
வரிசையாக நிறுத்தினேன்.
ஜன்னலோரம் இருந்தது இடது தோளில் மட்டும் வெளுத்திருந்தது.
அடுப்படிப் பக்கம் இருந்தது எண்ணெய் குடித்து மினுங்கியது.
ஒன்று கருப்பட்டி. ஒன்று இரண்டாம் டிகாக்ஷன்.
இன்னொன்றுக்கு எனக்கு நிறப்பெயர் கிடைக்கவில்லை,
மழைநாளில் துறைமுகத்துச் சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
முப்பது வருஷமா இதுலதானே உக்காந்தேன் என்றாள்.
பிறகு கருப்பட்டியை விரல்முட்டியால் தட்டி
"இதுக்கு மேட்ச் பண்ணு. எங்கப்பா உக்காந்தது.
அசல் பர்மா தேக்கு, சத்தத்தக் கேளு."
கேட்டேன்.

புதுசு ரப்பர் மரம்.
முகத்தில் ஒன்றுமே எழுதியிராத பிள்ளை.
நூற்றிருபது, நூற்றெண்பது, இருநூற்றிருபது என்று
உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்து
ஈரத்துணியால் ஒரு துடைப்பு.
புல்லரித்த மாதிரி நார் எழும்பும், அதையும் தேய்த்தேன்.
குறுக்கே அறுத்த முனைகள் மொடாக்குடிகாரர்கள்.
மெல்லிய சீலர் கொடுத்து முதலில் தாகத்தைக் குறைத்தால்தான்
ஸ்டெயினை அளவோடு குடிக்கும்.

துண்டுப் பலகைகளில் சோதனை.
தேக்கு மட்டும் போட்டால் பிஸ்கட்.
வால்நட் சேர்த்தால் சேறு.
மஹோகனி அரைப் பங்கு: கல்யாண மண்டபம்.
காய்ந்த நிறத்தை நம்பக் கூடாது.
தின்னர் தொட்டு நனைத்தால்
வார்னிஷுக்குப் பின்னால் வரப்போகும் முகம்
ஒரு நிமிஷம் வந்துவிட்டுப் போகும்.
ஐப்பசிக் காற்று, கடலும் மணலி வாடையும் கலந்து,
எதையும் காயவிடவில்லை.
பஸ்ஸில் ஒருத்தி என் நகங்களைப் பார்த்து
மருதாணியா என்றாள்.
வால்நட் என்றேன்.

நாலாம் நாள் அப்பா நாற்காலியைக் கவிழ்த்தேன்,
வெயிலும் கையும் படாத நிறம் அடியில் இருக்குமே என்று.
இருந்தது.
தேக்கே இல்லை.
ஏதோ வெளிறிய பெட்டிமரம்.
எனக்கு முன்னால் ஒரு கை
இதையும் ஆறாவதாக ஆக்கியிருக்கிறது.
அப்போது உடைத்தது எந்த மச்சினரோ.
குறுக்குக்கட்டையில் தச்சுப் பென்சில் எழுத்து:
தேக்கு 3, கறுப்பு 1,
கொஞ்சம் சிவப்பு.

கொஞ்சம்!
அந்த ஒரு சொல்லோடு ரெண்டு நாள் போனது.
ஸ்பூனா, சொட்டா, விரல்நுனியா?
அந்த ஆள் சோற்றுக்கு எவ்வளவு உப்புப் போட்டுக்கொள்வார்
என்றெல்லாம் யோசித்தேன்.
ஒன்பதாவது பலகையில் கிடைத்தது.
கிடைத்தபோது நான் அளந்திருக்கவில்லை.

பழைய பனியன் துணியால்
நார் ஓடும் பக்கமாகவே பூசி,
குடித்தது போக மிச்சத்தைத் துடைத்து,
துணிகளை உருட்டிப் போடாமல் கொடியில் விரித்தேன்.
உருட்டிய எண்ணெய்த்துணி ராத்திரியில் தானே பற்றிக்கொள்ளும்.

டீச்சர் வந்தாள். ஆறையும் சுற்றினாள்.
ட்யூப்லைட்டைப் போடச் சொன்னாள், அணைக்கச் சொன்னாள்.
ஜன்னலோர நாற்காலியைக் காட்டி
இதுதானே புதுசு என்றாள்.
பிறகு அப்பாவுடையதைத் தட்டி,
"என்னதான் பண்ணாலும் இந்த அசல் வராதும்மா."
வராது டீச்சர் என்றேன்.

வண்டியில் ஏற்றுமுன்
புதுசைக் கவிழ்த்துப் பென்சில் எடுத்தேன்.
மூன்று, ஒன்று, எழுதியாயிற்று.
அடுத்ததற்கு நின்றேன்.
வண்டிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.
கொஞ்சம் என்று எழுதி
அவசரத்தில் 'சிகப்பு' என்று போட்டுவிட்டேன்.
டீச்சர் என்றைக்காவது கவிழ்த்துப் பார்த்தால்
திருத்துவாள்.