இடக்கு

கோப்பர் துறைமுகம், மூன்றாம் மாடி,
காற்றுக்கு முனகும் கண்ணாடி அறை.
கீழே ஆயிரக்கணக்கில் இரும்புப் பெட்டிகள்.
எது எதன்மேல் ஏறலாம் என்று
திரையில் நகர்த்திக்கொண்டிருப்பது என் பிழைப்பு.
பதினோரு வருடம்
வேறு யாருடைய கைக்கோ வார்த்த மவுஸால் நகர்த்தினேன்.

கட்டைவிரலுக்கென்று அவர்கள் குடைந்த பள்ளத்தில்
என் சுண்டுவிரல் குடக்கூலிக்கு இருந்தது.
ஆள்காட்டி விரல் செய்ய வேண்டியதை
நடுவிரல் செய்தது,
யாரையும் திட்டும் நோக்கமில்லாமல்.

மணிக்கட்டில் முதலில் ஒரு முணுமுணுப்பு.
பிறகு சாவி திருப்பும்போது,
ஒலிவ எண்ணெய்ப் புட்டியின் மூடியைத் திருகும்போது
சுருக்கென்று ஒரு வார்த்தை.
ஒரு நாள் மூடி திறக்கவே இல்லை.
அன்று உருளைக்கிழங்கை வெறுமே தின்றேன்.

கொள்முதல் பிரிவின் மர்ஜெட்டா படிவம் நீட்டினாள்.
"குறைபாட்டின் தன்மை" என்று ஒரு கட்டம்.
"இடது கை" என்று எழுதினேன்
இடது கையால்.
மை காயுமுன் உள்ளங்கை அதன்மேல் ஊர்ந்து
பாதியை அழித்துவிட்டது.
"என்ன எழுதியிருக்கிறாய், நெவெங்கா, தெரியவில்லையே?"
அதுதான் தன்மை என்றேன்.

ஏழு வாரம்.
போரா காற்று கிரேன்களையெல்லாம் நிறுத்திவைத்த
ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது அட்டைப்பெட்டி.
உள்ளே, நிமிர்ந்து நிற்கும் மவுஸ்.
சுறாத் துடுப்பு மாதிரி ஒரு சாய்வு.
பற்றினால்
யாரோ தன் பெயரைச் சொல்லிக் கைகுலுக்குவது மாதிரி.

இந்த நாற்பத்தாறு வயதில்
எனக்கு நீண்டதெல்லாம் வலது கைகள்.
வங்கி மேலாளர், திருமணப் பதிவாளர்,
அந்தத் திருமணம் முடிந்துபோன மதியம்
நீதிமன்றப் படியில் நின்ற அவன்கூட.
அப்போதெல்லாம் என் இடக்கை
கோட்டுப் பைக்குள்
பழைய பஸ் டிக்கெட்டை உருட்டிக்கொண்டிருந்தது.
அதற்கென்று நீண்ட முதல் கை
பிளாஸ்டிக்கில் வந்திருக்கிறது.
இருக்கட்டும்.
அன்று வேலை முடிந்தும்
கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தேன்.

இரவு ஏழு மணிக்கு மேல்
இதே நாற்காலி ஸ்டோயானுக்கு.
கதவருகே ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பழக்கம்.
மறுநாள் காலை திரையில் ஒட்டியிருந்தது மஞ்சள் சீட்டு:
"உன் எலி இடக்கு பண்ணுகிறது."
அடுத்த நாள்:
"மேலே போ என்றால் வெனிஸுக்குப் போகிறது."
அதற்கடுத்த நாள் சீட்டு இல்லை.
மவுஸும் இல்லை.
இழுப்பறையில்
தூண்டில் தக்கைக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவே
குப்புறக் கிடந்தது.

அப்படியே பழகிப்போயிற்று.
மாலையில் அவன் அதைப் படுக்கவைப்பான்,
காலையில் நான் எழுப்புவேன்.

மார்ச் கடைசியில் ஒரு காலை
இழுப்பறையைத் திறந்தேன்.
உள்ளே அவனுடைய பழைய மவுஸ்,
வால் சுருட்டி.
என்னுடையது மேசையில், இடப்பக்கம்,
நான் வைப்பதைவிடச் சற்றுத் தள்ளி,
நீளக் கைக்காரனுக்கு வசதியான தூரத்தில்.

மஞ்சள் சீட்டில்
எழுத்துகள் காற்றில் மாட்டிய கொடித்துணிபோல்
ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருந்தன:
"படகுத்துறைப் படியில் வழுக்கிவிட்டேன்.
வலது தோளில் ஆறு வாரக் கட்டு.
பதினேழாம் வரிசை நீலப் பெட்டி ஒன்றுக்கே
இருபது நிமிடம்.
நெவெங்கா, நீ எப்படி இத்தனை வருடமும்"

அதற்குமேல் வெறும் நீலத் தீற்றல்.
மீதியை
அவன் உள்ளங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

உட்கார்ந்தேன்.
மவுஸைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.
கண்ணாடி வழியே பதினேழாம் வரிசையைப் பார்த்தேன்.
நீலப் பெட்டி
இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.