கடைசியில் கூப்பிடப்படும் பெயர்

பத்திரிகைக்காரர் நாலு அங்குலம் இடம் தந்தார்.
பிறப்பு, இரண்டு தடவை காங்கிரஸ், ஒரு தோல்வி,
பதினொரு வருஷம் நீதிபதி, நிமோனியா.
அதற்குள் அடங்கிவிட்டார் ஹார்லன் வைட்காம்ப்.
மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்,
அவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன்.

வாஷிங்டனிலிருந்து நெப்ராஸ்காவுக்கு அவர் அனுப்பியவை
பெரும்பாலும் விதைப் பொட்டலங்கள்தாம்.
சர்க்கார் செலவு. தபால்தலை இருக்கவேண்டிய மூலையில்
அவருடைய கையெழுத்து, அச்சில்.
டர்னிப், கீரை, வெள்ளரி.
சபையில் பேசியது கொஞ்சம். அதிலும் பாதி
வில்லோ ஆற்றுக்கு ஒரு பாலம் கேட்டு.
பாலம் வரவில்லை.

ஒரு சாயங்காலம், கோர்ட் காலியான பிறகு,
பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் காலை நீட்டிக்கொண்டு சொன்னார்:
"அகர வரிசையில் கூப்பிடுவான், ஆன்செல்.
நானூறு பேர். என் முறை வருமுன்
விஷயம் முடிந்திருக்கும்.
வேண்டாம் என்று நான் கத்தினாலும்
ஒரு விளக்குகூட அசையாது.
ஆகவே ஆம் என்றேன். எல்லாவற்றுக்கும்."
மதுவிலக்குக்கும் அப்படித்தானாம்.
ஜூலை மாதம். காலரின் கஞ்சி வியர்வையில் கரைந்து வழிய,
ஆறு மணி ரயிலை நினைத்துக்கொண்டு.

லுட்மிலா ஹ்ராடெக் வந்தது ஒரு பிப்ரவரியில்.
கணவன் இல்லை. கோழிக்கூண்டுக்கு அடியில்
பதினேழு காலன் பார்லிச் சாராயம்.
ஷெரிப் ஜாடியைத் திறந்து காட்டியபோது
ஜூரியில் இரண்டு பேர் மூச்சை நன்றாக இழுத்தார்கள்.
அதை நான் பதிவு செய்யவில்லை.

"சொல்ல ஏதாவது உண்டா?"

மொழிபெயர்க்க எழுந்தவனை உட்காரச் சொல்லிவிட்டு
அவளே, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில்:
"நீங்கள் விதை அனுப்பினீர்கள்.
பொட்டலத்தில் வெள்ளரி. முளைத்தது பூசணி.
நாங்கள் பூசணியைத் தின்றோம்."

கோர்ட் சிரித்தது.
அவர் சுத்தியலைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்,
பட்டியலில் தனக்கு முன்னால்
யாராவது பாக்கி இருக்கிறார்களா என்பதுபோல்.
என்னிடம் பட்டியலே இல்லை.
தொண்ணூறு நாள் என்றார்.
பேனா முள் தாளில் இரண்டு தடவை சிக்கியது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் பிடித்தது:
தண்டனைக்கு முன் சட்டம் முழுவதையும்
உரக்க வாசிப்பார், ஒரு உட்பிரிவு விடாமல்.
வக்கீல்கள் தூங்கினார்கள். ரயில்களைத் தவறவிட்டார்கள்.
குதிரைத் திருடன் ஒருவன், போதும் ஐயா,
குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று கெஞ்சினான்.
உட்கார், இன்னும் மூன்று பக்கம் என்றார்.
நிமோனியாவும் அப்படி வந்ததுதான் என்கிறார் டாக்டர்.
விறகு தீர்ந்திருக்கிறது. அவர் எழுந்திருக்கவில்லை.

வைட்காம்ப்களின் கல்லறை ஆற்றுக்கு அக்கரையில்.
பெட்டியைச் சறுக்குவண்டியில் ஏற்றி
உறைந்த ஆற்றின்மேல் கொண்டுபோனோம்.
வண்டிக்காரன் இறங்கி, பத்தடிக்கு ஒருதரம்
தடியால் பனியைத் தட்டிப் பார்த்தான்.
தாங்கியது.
நாங்கள் எல்லாரும், ஏனோ தெரியவில்லை, தொப்பியைக் கழற்றி
அவன் தட்டிய சத்தத்தையே கேட்டுக்கொண்டு நடந்தோம்.