பெயருக்கான கட்டம்

ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால்
கோழிக்கூண்டுகள் அடுக்கிய சந்தில் திரும்பினால்
எபிநேசர் இல்லம்.
பலகையில் கடைசி எழுத்து உதிர்ந்து மூன்று வருஷம்.
வருகிறவர்கள் யாரும் குறையாகச் சொன்னதில்லை.

ஆறரைக்குக் கதவு திறக்கும்.
ஆறு மணிக்கே வரிசை
சாக்கடை மூடியைத் தாண்டியிருக்கும்.
வாசலில் பிளாஸ்டிக் மேசை, நான், நோட்டு.
வரிசை எண், பெயர், வயது, கைரேகை.
ஒரு பெயருக்கு ஒரு தட்டு,
ஒரு தட்டுக்கு ஒரு முட்டை.
கிளாடிஸ் அக்காவின் ஜெபம் மூன்றே வரி.
நாலாவது வரிக்குப் போனால்
பசியே ஆமென் சொல்லிவிடும்.

பீன்யாவில் பதினோரு வருஷம்
சட்டைக் காலர் எண்ணியவள் நான்,
மணிக்கு அறுபது.
எண்ணுவது எனக்குப் புதிதில்லை.

அந்த ஆள்
ஒரு காலில் ஷூ, ஒரு காலில் செருப்பு,
தோளில் சிமெண்ட் பை.
திங்கட்கிழமை சவுரியப்பன் என்றார்.
மறுநாள் ஹனுமந்தராயப்பா.
புதனன்று பாஷா.
வியாழன் வரவில்லை.
வெள்ளியன்று குனிந்து, குரலைத் தாழ்த்தி,
இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டன் என்றார்.
இன்ஸ்பெக்டரை விட்டுவிட்டு மற்றதை எழுதினேன்.

"முந்தாநாள் வேற பேரு சொன்னீங்களே?"

"அது முந்தாநாள் வந்தவன்."

விரலை நீட்டினார்.
கட்டைவிரலில் பழைய தையல் தழும்பு.
எந்தப் பெயருக்குப் பக்கத்திலும்
மைக்கு நடுவே
அதே வெள்ளைக் கோடு.

மார்ச்சில் தணிக்கைக்கு வந்த பையன்
அந்தக் கோட்டைக் கண்டுபிடித்தான்.
நல்ல பையன்தான், ஷூவை வெளியே கழற்றிவிட்டு
ஓட்டைச் சாக்ஸோடு உட்கார்ந்திருந்தான்.
"ஒரே ஆள் மேடம். பதினாலு பேரு.
பதிமூணைக் கழிச்சாகணும்.
அவங்க தலைக்கு இவ்வளவுன்னுதான் அனுப்புறாங்க."

யாருடைய கணுக்கால் புண்ணுக்கோ
மருந்து வைத்துக்கொண்டிருந்த கிளாடிஸ் அக்கா
நிமிரவில்லை.
"கழிச்சுக்கோ தம்பி.
முட்டை பதினாலும் போயிடுச்சு."

சிவப்புப் பேனா என் கைக்கு வந்தது.
எதை வைப்பது, எதை அடிப்பது?
சவுரியப்பனை அடித்தால்
திங்கட்கிழமை பட்டினி.
பாஷாவை அடிக்க
எனக்கு என்ன அதிகாரம்.

சாயங்காலம் அவரிடமே
நோட்டைத் திருப்பி வைத்தேன்.
"இதுல எது நிஜம்?"
வாசிக்கத் தெரியாதவர் பார்ப்பதுபோல் இல்லை,
கல்யாண ஆல்பம் பார்ப்பதுபோல்
நிதானமாகப் பார்த்தார்.
பின்னால் வரிசை மூன்று மொழியில் முனகியது.

"உன் பேரு என்னம்மா?"

இரண்டு வருஷத்தில்
மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து
வராத கேள்வி.
சொன்னேன்.
தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார்.

வரிசை தீர்ந்த பிறகு
பானையின் அடியில் ஒட்டியதை
ரோசலினும் நானும் சாப்பிடுவோம்.
அது எந்த நோட்டிலும் ஏறுவதில்லை.
லிங்கராஜபுரத்தில் வீட்டுக்காரர்
பாக்கி வாடகையை
அட்வான்ஸில் கழித்துக்கொண்டு வருகிறார்.
இன்னும் இரண்டு மாதத்துக்குக் கழிக்க இருக்கிறது.
அதற்கப்புறம் எண்ணிப் பார்க்கவில்லை.
எண்ணத் தெரிந்தவள்தான்.

மறுநாள் மழை.
ஷூவிலிருந்து தண்ணீர் சொட்ட
முன்னால் வந்து நின்றார்.

"பேரு?"

"பியூலா."

வரிசை சிரித்தது.
யாரோ விசில் அடித்தார்கள்.

"வயசு?"

"நீயே போட்டுக்கோ."

முப்பத்தொன்பது என்று போட்டேன்.
விரலை ஒற்றினார்,
வெள்ளைக் கோடு.
உள்ளே ரோசலினிடம்
சத்தமாகவே சொன்னேன்:
பியூலாவுக்கு ஒரு முட்டை.

அவருக்குப் பின்னால்
இன்னும் முப்பது பேர் நனைந்துகொண்டிருந்தார்கள்.
நிமிர்ந்து பார்க்க நேரமில்லை,
எப்படிச் சாப்பிட்டார் என்று.
எப்படிச் சாப்பிட்டேன் என்று.