மூன்று பேர், ஒரு கையொப்பம்

சீனப் பெருநாளுக்குத் தொழிற்சாலை நான்கு நாள் மூடும்.
அதற்குள்
பதினேழு வருடத் தரவு
பழைய சர்வரிலிருந்து புதியதற்குக் குடிபோக வேண்டும்.
பாயான் லெப்பாஸ், இரண்டாம் மாடி.
நானும் ஹஸ்னிஸாமும்,
யாருமில்லை என்று தெரியாமல் ஓடும் ஏர்கானும்.

எண்பத்தோராயிரம் பாகங்கள்.
ஒரே திருகாணி ஒன்பது எண்களில்.
வடிவமைப்புப் பிரிவின் பட்டியலில் நான்கு ஸ்பிரிங்,
உற்பத்தித் தளத்தின் பட்டியலில் ஐந்து.
பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் நான்குதான்.
ஐந்தாவதை மாதாமாதம்
பிறையிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.
ஹஸ்னிஸாம் சிரித்தான்.
விலையோடு பெருக்கிப் பார்த்துச்
சிரிப்பை நிறுத்தினான்.

எந்தப் பொருளிலும் சேராத பாகங்கள்
முந்நூற்றுப் பன்னிரண்டு.
இந்த அமைப்பில் அழிக்கும் பொத்தான் கிடையாது.
‘வழக்கொழிந்தது’ என்று குறிக்கலாம், அவ்வளவுதான்.
சொல்லுக்கும் திருகாணிக்கும் ஒரே சாவு.

இரண்டாம் இரவு ஆட்களின் முறை.
ஆளுக்கு ஒரு பதிவுதான் இருக்க வேண்டும்.
கனகாம்பிகை என்று தேடினேன். என் பெயர்.
மூவர் வந்தார்கள்.
சம்பளப் பட்டியலில் எல்லாம் ‘கே’ போட்டவள்.
பயிற்சிச் சான்றிதழில் எல்லாம் ‘ஜி’ போட்டவள்.
நடுவில் மட்டும் ‘ஜி’ போட்ட இன்னொருத்தி.
தமிழில் எழுதினால் ஒரே க.
எங்கே அழுத்துவது, எங்கே தளர்த்துவது என்று
நாக்குக்குத் தெரியும்.
அமைப்புக்கு நாக்கு இல்லை.

ஒருத்திக்குச் சம்பளம் உண்டு, பயிற்சியே இல்லை.
ஒருத்தி பதினோரு பயிற்சி முடித்தும் சம்பளம் வாங்கவில்லை.
நடுவெழுத்துக்காரி
வாழ்நாளில் ஒரே ஒரு கையொப்பம் இட்டிருக்கிறாள்:
கவ்வி, 7114-0382, திருத்தம் டி.
‘பழைய நகல்கள் மீட்கப்பட்டன.’

அந்தக் கவ்வி எனக்குத் தெரியும்.
ஆறு வருடம் முன்பு அதன் துளை
0.4 மில்லிமீட்டர் இடம் மாறியது.
டி வெளியான பிறகும்
பதினோராம் எந்திரத்தின் நெற்றியில்
சி-யின் நகல், எண்ணெய்க் கறையோடு,
செல்லோடேப் மஞ்சளேறி ஒட்டியே இருந்தது.
ஆயிரத்து இருநூறு கவ்விகள்.
வாடிக்கையாளர் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்.

விசாரணையில் அந்தப் பெயரைத் தேடினார்கள்.
அப்படி ஓர் ஊழியரே இல்லை என்றது அமைப்பு.
தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்றார்கள்,
யாருடைய பிழை என்று கேட்கவில்லை.
எந்திரத்தில் நின்ற மொனிருல்
வரைபடத்தைச் சரிபார்க்கவில்லை என்று எழுதினார்கள்.
அடுத்த மாதம் அவருடைய பெர்மிட்
புதுப்பிக்கப்படவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை.
கம்பெனி பஸ் ஐந்து நாற்பதுக்கு.
மாடியிறங்கிப் பார்க்காமலே
சொடுக்கியது இந்த விரல்.

வெளியே பாயான் பாரு அடுக்குமாடிகளில்
பட்டாசு சரம் சரமாக வெடிக்கிறது.
திரையில் ஒரு கேள்வி:
இணைக்கவா? இணைத்தால் பிரிக்க இயலாது.
பக்கத்திலேயே இன்னொரு வழி.
நடுவெழுத்துக்காரியை வழக்கொழித்துவிடலாம்.
யாரும் தேட மாட்டார்கள்,
ஏற்கெனவே தேடி முடித்துவிட்டார்கள்.

“டா சியாப், காக்?” என்று கேட்டான் ஹஸ்னிஸாம்,
கோப்பிப் பொட்டலத்தின் முடிச்சை அவிழ்த்தபடி.
இன்னும் ஒன்று இருக்கிறது என்றேன்.

‘காரணம்’ என்ற கட்டம் காலியாக இருந்தால்
அமைப்பு முன்னே போகாது.
எழுதினேன்:
மூவரும் நான். அந்த நகலை நான் மீட்கவில்லை.
எண்டர்.

ஊழியர் எண்ணிக்கையில் இரண்டு குறைந்தது.
வேறெதுவும் நடக்கவில்லை.
கீழே இறக்கிக்கொண்டே போனேன், ம வரிசை வரைக்கும்.
மொனிருல் இஸ்லாம். எந்திரம் பதினொன்று.
நீக்கத்துக்குக் காரணம்: கவனக்குறைவு.
அந்த வரி சாம்பல் நிறத்தில் இருந்தது.
படிக்கலாம்.
திருத்த எனக்கு அனுமதி இல்லை.