பறிகொடுத்தவள்

ஏழே நிமிடம்.
மருந்துக்கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர்,
மகனின் இருமலுக்கு ஒரு சிரப், மீதிச் சில்லறை.
வெளியே வந்தால்
விளக்குக் கம்பத்தடியில் அறுந்த சங்கிலி.
பூட்டு மட்டும் பூட்டியபடியே கிடந்தது.
கம்பத்தை யாரும் திருடவில்லை.

நின்றிருந்த லாரிக்கு அடியில் குனிந்து பார்த்தேன்,
உருண்டு போயிருக்கும் என்பதுபோல.
அடுத்த கம்பம். அதற்கடுத்த கம்பம்.
வேறெங்கோ நிறுத்திவிட்டு மறந்திருப்பேன் என்று
என் ஞாபகத்தின் மேல் பழி போட்டுப் பார்த்தேன்.
அது ஒத்துக்கொள்ளவில்லை.

ஃபுன்சா காவல் நிலையத்தில் ஒற்றை விரலால் தட்டச்சு செய்தான்
சட்டையில் காஸ்டிப்ளாங்கோ என்று பெயர் தைத்த பையன்.
சட்டத்தில் பொறித்த எண்?
தெரியாது.
ரசீது?
நாத்தனாரிடம் மூன்று தவணையில் வாங்கியது.
நிறம்?
பச்சை.
எந்த மாதிரிப் பச்சை?
ரோஜா இலையின் அடிப்பக்கம் மாதிரி என்றேன்.
'பச்சை' என்று அடித்தான்.
வேறு அடையாளம்?
இருக்கைக்கு நானே தைத்த உறை, பழைய திரைச்சீலைத் துணி,
மஞ்சள் பூ, ஓரத்தில் கறுப்பு நூல்,
மஞ்சள் நூல் தீர்ந்துபோன ராத்திரி அது,
இடப்பக்கப் பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை
சொடக்குப் போடும்.
அவன் கையை எடுத்துவிட்டான்.
அந்தக் கட்டத்தில் அவ்வளவுதான் இடமாம்.

காதலர் தினத்துக்குக் கப்பலேறாமல் விமானமேறும் ரோஜாக்கள்.
ஜனவரி கடைசியில் எங்களுக்குத் தூக்கம் கிடையாது.
ஐந்து மணிக்குப் பண்ணைக் கதவு,
நடந்தால் ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.
இருட்டில் என்னைத் தாண்டிப் போகின்றன
நூறு சைக்கிள்கள், தலைக்குட்டைகள், பேச்சு, சிரிப்பு.
நான் முகம் பார்ப்பதில்லை, சக்கரம் பார்க்கிறேன்.
எங்காவது ஒரு பெடல் சொடக்குப் போடுமா என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன்.
அந்த நேரத்தில் எல்லா சைக்கிளும் பச்சை.
எல்லாரும் திருடர்கள்.

ரெண்டு பூட்டுப் போட்டிருக்கணும் என்றாள் ஒதீலியா.
கடைக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போயிருக்கணும் என்றார் மேற்பார்வையாளர்,
தாமதத்துக்கு அரைநாள் கூலியை வெட்டிக்கொண்டே.
அறிவுரைக்கு மட்டும் யாரும் பூட்டுப் போடுவதில்லை.

மணிக்கு முந்நூற்றைம்பது தண்டு பறிக்கிறேன்.
பத்தொன்பது வருடமாகப் பறிக்கிறேன்.
பறிக்கிற கைக்கு இப்போதுதான் தெரிகிறது,
செடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தால்
இந்தச் சொல் எப்படி இருக்கும் என்று.

புதன்கிழமை ஒதீலியா ஒரு சைக்கிள் கொண்டு வந்தாள்.
மச்சானுடையதாம். நீலம். நம்ப முடியாத மலிவு.
எதற்கோ குனிந்தவள்போல அடியில் தடவிப் பார்த்தேன்.
எண் இருக்க வேண்டிய இடம்
முள் சீவிய தண்டுபோல வழவழவென்றிருந்தது.
அவளும் பார்த்தாள், நான் தடவியதை.
நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
எழுபது நிமிடம் நடக்கிற கால்கள் அவ்வளவு சுலபத்தில்
வேண்டாம் என்று சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை பொகோட்டாவில், பழைய பாகங்கள் விற்கும் தெருவில்,
கொக்கியில் மாட்டியிருந்த கைப்பிடிகளுக்கும்
மழையில் நனைந்த டயர்களுக்கும் நடுவே
மஞ்சள் பூ, கறுப்பு நூல்.

இது என்னுடையது என்றேன்.
காசு கொடுத்தால் உங்களுடையதுதான், சென்யோரா.
நாற்பதாயிரம் பேசோ.

கத்தியிருக்கலாம். காஸ்டிப்ளாங்கோவைக் கூப்பிட்டிருக்கலாம்.
பேரம் பேசினேன்.
தையல் பிரிந்திருக்கிறது பாருங்கள்,
துணி சாயம் போய்விட்டது, யார் தைத்தாளோ, கோணல் கோணலாக
என்று என் கையை நானே பழித்து
இருபத்தெட்டாயிரத்துக்கு இறக்கினேன்.
மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டேன்.
எது மற்றது என்றான்.

திரும்பும் பேருந்தில் உட்கார இடமில்லை.
இருக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு
ஃபுன்சா வரைக்கும்
நின்றுகொண்டே வந்தேன்.